பரணும் புல்லும்

பரண் என்றால் இன்று நமக்கு வீட்டில் பழைய அண்டாவும் குண்டாவும் போட்டுவைக்கும் இடம்தான். தினைப்புனம் காத்தவர்களுக்கு அது காவல் மேடை, வேட்டைக்காரர்களுக்கு மறைவிடம்.

பரணுக்கு இடம் பார்ப்பது லேசான காரியமல்ல. மான் எங்கே மேய்கிறது, எந்தத் தடத்தில் தண்ணீருக்கு இறங்குகிறது, காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று பார்க்கவேண்டும். நம் மேல் பட்ட காற்று மானிடம் போனால் அன்றைய வேட்டை அவ்வளவுதான். புல்லும் நீரும் இல்லாத இடத்தில் பரண் கட்டியும் பயனில்லை.

அரசர்கள் இதை அறிந்திருந்தார்கள். அரசனின் வேட்டைக்காட்டுக்கு ஒரே வாயில், சுற்றிலும் அகழி, உள்ளே பழமரங்கள், நீர்நிலை வேண்டும் என்கிறது அர்த்தசாஸ்திரம். புதுச்சேரியில் நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் வரலாற்றுப் பாடத்தில் ஷாம்போர் அரண்மனை வரும். அதன் வேட்டைக்காட்டைச் சுற்றி ஏறத்தாழ 32 கிலோமீட்டர் மதில்! பிரபுக்களுக்கே இருந்த வேட்டை உரிமை, 1789 ஆகஸ்ட் 4 இரவு ஒழித்த சலுகைகளில் ஒன்று.

நம் பக்கம் நீலகிரியில், கண்டபடி சுட்டதால் விலங்குகள் குறையவே, வெள்ளைக்கார வேட்டைக்காரர்களே 1877-ல் ஒரு சங்கம் வைத்தார்கள். 1879-ல் அங்கே வேட்டையைக் கட்டுப்படுத்தச் சட்டம் வந்தது. பிறகு 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம்; 1991 திருத்தத்தோடு வேட்டை லைசென்சுகளும் போயின.

ஆனால் சட்டம் துப்பாக்கியைத்தான் நிறுத்தும், புல்லை வளர்க்காது. சென்னை கிண்டியைப் பாருங்கள். கவர்னர் மாளிகையை ஒட்டிய அந்தப் பழைய வேட்டைக்காடு 1978-ல் தேசியப் பூங்கா ஆனது. இன்று அங்கே யாரும் சுடுவதில்லை. ஆனாலும் வெளிமானுக்கு இடம் சுருங்கிவிட்டது. அது திறந்த புல்வெளியில் வாழும் பிராணி. மரமும் புதரும் மண்டினால் புள்ளிமான் சமாளிக்கும், வெளிமானால் முடியாது. நல்லெண்ணத்தில் நட்ட மரமும் சில இடத்தில் கெடுதலாகிறது.

இப்போது நான் இருக்கும் முதலிபாளையத்தைச் சுற்றிப் பனியன் கம்பெனிகள்தான். காங்கேயம் பக்கம் போனால் கொறங்காடுகள் உண்டு: கிளுவை வேலி, வெள்வேல மரம், கொழுக்கட்டைப் புல். மாட்டுக்கும் ஆட்டுக்கும் என்று குடியானவர்கள் தலைமுறையாகப் பராமரித்த மேய்ச்சல் நிலம் அது. முயலும் கௌதாரியும் அதை நம்பி வாழ்கின்றன. கொறங்காடு வைத்திருப்பவர்கள், மனை போட்டு விற்பதற்கு முன் ஒருமுறை யோசித்தால் நல்லது.