காக்கிச் சட்டையும் நாடாச் சின்னங்களும்

பழைய படைச் சீருடைகளைத் திரட்டுவோர் முதலில் தையலைப் பார்ப்பதில்லை. தொப்பியையும் மேற்கையையும் இடது மார்பையுமே நோக்குவர். அணிந்தவன் எக்கொடியின்கீழ் நின்றான் என்பதைத் துணி சொல்லாது, சின்னமே சொல்லும். மலாயாத் தமிழர் வரலாற்றில் இது வெறும் பொழுதுபோக்குச் செய்தியன்று.

1941 டிசம்பரில் சப்பானியரை எதிர்த்து மலாயாவில் நின்ற பிரிட்டிஷ் இந்தியப் படையினர் காக்கி உடுத்தியிருந்தனர். 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. கிடங்குகளில் எஞ்சிய அதே காக்கியே பின்னர் இந்திய தேசிய இராணுவத்திற்கும் உடையாயிற்று. கிள்ளான் பள்ளத்தாக்கின் இரப்பர்த் தோட்டங்களிலிருந்தும் நகரங்களிலிருந்தும் அப்படையில் சேர்ந்த தமிழரை, எதிரியின் துணிக்குள்ளிருந்து வேறுபடுத்திக் காட்டியது சின்னந்தான். இந்திய நிலப்படத்தோடு ‘இத்திஃபாக், இத்மாத், குர்பானி’ என்னும் முழக்கம் பொறித்த தொப்பிச் சின்னம் அது. ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்பது அதன் பொருள்.

1945 செப்டம்பர் 9ஆம் நாள், கிள்ளானுக்குத் தெற்கேயுள்ள மோரிப் கடற்கரையில் 25ஆம் இந்தியக் காலாட்படைப் பிரிவு இறங்கியது. பர்மாப் போரில் காக்கி போய்க் காட்டுப்பச்சை உடை வந்திருந்தது. அப்பிரிவின் அடையாளம் பச்சைப் பின்னணியில் சீட்டுக்கட்டின் கறுப்பு இஸ்பேட்டுக் குறி. வந்திறங்கியவரும் இந்தியர், கரையில் இருந்தவரும் இந்தியர்! அம்மாதமே சிங்கப்பூரில் இந்திய தேசிய இராணுவத்தின் நினைவுச் சின்னம் தகர்க்கப்பட்டது. கல்லுக்கே அந்நிலையெனில், சிறு தொப்பிச் சின்னத்தை வீட்டில் வைத்திருக்க எவர் துணிவர்?

பிரிட்டிஷ் படைவீரனின் மார்பு நாடாவைப் படிப்பது ஒப்புநோக்க எளிது. நடுவில் மஞ்சளும் இருபுறம் கரும்பச்சையும் ஓரங்களில் சிவப்புமாய் அமைந்தது பசிபிக் நட்சத்திரத்தின் நாடா. காட்டையும் கடற்கரையையும் பச்சையும் மஞ்சளும் குறிக்கும். மலாயாவில் போரிட்டவனுக்கு இது உரியது. அவனே பிறகு பர்மாவிலும் போரிட்டிருந்தால் பர்மா நட்சத்திரத்தைத் தனியே அணிய விதியில்லை. முதல் நாடாவிலேயே ஒரு சிறு வெள்ளிப் பூச்சின்னம் ஏறும். தோல்வியுற்றுப் பின்வாங்கியதும் மீண்டும் களம் புகுந்ததுமான ஆண்டுகள் அந்தப் பூவுக்குள் அடங்கிவிடுகின்றன. அறியாதவர் அதனை அழகுக்கு வைத்ததென்று எண்ணுவர்.

இந்திய தேசிய இராணுவத்தாரின் மார்பை இவ்வாறு படிக்க இயலாது. பிரிட்டிஷாரின் போர் நட்சத்திரங்கள் அப்பணிக்கு உரியனவல்ல. நேதாஜி 1942இல் செர்மனியில் நிறுவிய ‘ஆசாத் ஹிந்த்’ விருதுகளோ வியன்னாவில் செய்யப்பட்டவை. போர் முடிந்த பின்னும் சேகரிப்போருக்காக அவை செய்யப்பட்டன. ஆதலின் காவியும் வெண்மையும் பச்சையும் கொண்ட நாடாவோடு ஒரு பதக்கம் இன்று கடையில் கிடைத்தால், அதுமட்டுமே எதற்கும் சான்றாகிவிடாது. அதைவிட, நாடா ஒன்றுமில்லாத காக்கிச் சட்டையோடு நிற்கும் பழைய நிழற்படம் நம்பத்தக்கது. உருப்பெருக்காடி கொண்டு அதன் தொப்பியைப் பார்க்கவேண்டும்.

1943 அக்டோபரில் சிங்கப்பூரில் பயிற்சி தொடங்கிய ஜான்சி ராணிப் படையின் பெண்டிர் அத்தகைய படங்களில் காட்சியளிக்கின்றனர். சேலை களைந்து, காற்சட்டையும் மடிப்புத் தொப்பியும் அணிந்து நிற்கின்றனர். அப்படையின் தலைவி இலட்சுமி. அவருக்கு அடுத்த நிலையில் விளங்கியவர் கோலாலம்பூரின் ஜானகி ஆதி நாகப்பன். ஜானகிக்கு இந்திய அரசு 2000ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ வழங்கியது. அது குடிமக்களுக்குரிய விருது, போர்ப் பதக்கமன்று.