வாயில் விளக்கும் விளக்குத் தூணும்

இந்நாளில் வீடு கட்டுவோர் வாயிலின் இருமருங்கிலும் தோட்டத்து நடைபாதை ஓரத்திலும் அழகிய விளக்குத் தூண்களை நிறுவுகின்றனர். பூவேலை செய்த இரும்புக் கம்பம், அதன் தலையிலே கண்ணாடிக் கூண்டு எனப் பல வடிவங்கள் உள. இதனை மேனாட்டு நாகரிகம் என்பார் உளர். கூண்டின் வடிவம் அங்கிருந்து வந்திருக்கலாம். வாயிலில் விளக்கிடும் வழக்கம் நம்முடையதே.

பழைய வீடுகளில் திண்ணைச் சுவரிலே விளக்கு மாடம் அமைத்தனர். அந்தி வேளையில் அதில் ஏற்றிய அகலின் ஒளி, வீட்டினுள் புகுந்ததினும் வீதியில் விழுந்ததே மிகுதி. வழிச்செல்வோர் கால் இடறாமற் காத்தது அவ்வொளி. ஆதலின் வாயில் விளக்கு, முன்பின் அறியாதவர்க்குச் செய்யும் அறமாகும்.

விளக்கை நிறுவுதல் எளிது. அவியாமற் காத்தலே அரிது. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகள் இதனை நன்கு உணர்த்துகின்றன. ஒரு திருவிளக்கு எரிய நாள்தோறும் உழக்கு நெய். அதற்காக 96 ஆடுகள், அன்றேல் 48 பசுக்கள், அன்றேல் 16 எருமைகள் விடப்பெற்றன. மூத்தவை கழியினும் குட்டிகளைக் கொண்டு தொகை குறையாமற் காத்தமையால் ‘சாவா மூவாப் பேராடு’ என்றனர்.

பொருளற்ற அடியாரும் இத்தொண்டினைக் கைவிட்டிலர். திருவாரூரில் நமிநந்தியடிகள் நீரினால் விளக்கேற்றினார். தில்லையில் கணம்புல்லர், விற்கக் கொணர்ந்த புல் விலைபோகாத போது அப்புல்லையே எரித்தார். அதுவும் போதாதாகத் தம் திருமுடியையே எரித்தார்.

திரிசிராமலையை நோக்குமின்! ஏறத்தாழ 273 அடி உயர்ந்த அக்குன்றே இந்நகரின் விளக்குத் தூண் அன்றோ? கார்த்திகைத் திருநாளில் உச்சிப் பிள்ளையார் சந்நிதி முன்னர் ஏற்றும் பெருந்தீபத்தைக் காவிரியின் இருகரையாரும் கண்டு தொழுகின்றனர். திருவரங்கத்திலும் பனைமரத்தை நட்டு, ஓலை வேய்ந்து, சொக்கப்பனை கொளுத்துகின்றனர். எம்மரபாயினும் ஒளியை உயர்த்தி வைப்பது பலரும் காண்பதற்கே.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வீதிகளுக்கு விளக்குக் கம்பங்கள் வந்தன. மதுரையில் கலெக்டர் பிளாக்பர்ன் நினைவாக எழுந்த விளக்குத்தூண், அப்பகுதிக்கே பெயராய் நிலைத்தது. திருச்சிராப்பள்ளியில் 1866இல் நகராட்சி தோன்றியது. நாளடைவில் வீதிவிளக்கு அதன் கடமையாயிற்று. அதனாற் பெற்ற நலம் பெரிது. ஆயினும் ‘வீதிக்கு ஒளி தருதல் பிறர் கடன்’ என்னும் எண்ணமும் உடன் வந்தது. மாடங்கள் இருண்டன, மதில்கள் உயர்ந்தன, விளக்குகள் உள்நோக்கித் திரும்பின.

அன்பர்களே! தூண் நிறுவுவோர் அழகுற நிறுவுக. அதன் ஒளியில் ஒரு கூறேனும் மதிலைக் கடந்து வீதியில் விழுமாறு அமைக்க. விருந்தினர் வரும் நாளில் மட்டுமன்றி நாள்தோறும் அந்தியில் ஏற்றுக. இருளில் வரும் ஒருவர் நும் வாயிலைக் கடக்கையில் அச்சமின்றி அடி வைப்பாராயின், அதுவே திருவிளக்குத் தொண்டு.

திருச்சிற்றம்பலம்.