மீக்கே நிலக்கரிச் சுரங்கம்

யப்பானின் தென்பாகத்திலுள்ள கியூசுத் தீவின் மேற்குக் கரையிலே, அரியாக்கேக் கடலை அடுத்து ஓமுத்தா நகர் அமைந்துள்ளது. அந்நாட்டின் ஆலைகளுக்கும் கப்பல்களுக்கும் நூறாண்டுக்கு மேலாக எரிபொருள் வழங்கிய மீக்கே நிலக்கரிச் சுரங்கம் இந்நகரைச் சார்ந்ததே. யப்பான் கைத்தொழில் நாடாக உயர்ந்த கதையைக் கூறுவோர் மீக்கேயை மறப்பதில்லை. அவ்வுயர்வுக்கு விலை கொடுத்தவர் யாவர் என்பதையும் அச்சுரங்கத்தின் வரலாறே கூறுகின்றது.

1469 ஆம் ஆண்டில், மலைச்சாரலிலே குளிர்காயத் தீ மூட்டிய குடியானவன் ஒருவன், அருகிருந்த கரிய கல் பற்றியெரியக் கண்டு வியந்தான் என்பது செவிவழிச் செய்தி. பதினெட்டாம் நூற்றாண்டிலே அப்பகுதிப் பிரபுக்களின் ஆட்சியில் கரி தோண்டும் தொழில் தொடங்கிற்று. 1873 இல் மெய்சி அரசாங்கம் சுரங்கத்தைத் தன்வசமாக்கியது. குறைந்த செலவில் வேலை வாங்கும் பொருட்டுச் சிறைக்கைதிகளைக் குழிகளுள் இறக்கியது. மியானொகரா என்னும் குழியை அக்கைதிகள் அசுரர் போர்க்களம் எனப் பொருள்படும் பெயரால் அழைத்தனர். அப்பெயர் ஒன்றே அவர்கள் பட்ட பாட்டுக்குச் சான்றாகும்.

1888 இல் அரசாங்கம் சுரங்கத்தை விற்க முன்வந்தது. மிற்சுயி நிறுவனத்தார் 4,555,000 யென் தருவதாகக் கூறி, போட்டியிட்ட மிற்சுபிசியினரை 2,300 யென்னால் முந்தினர். அமெரிக்காவிலே சுரங்கவியல் கற்ற டான் தக்குமா நிருவாகத்தை ஏற்றார். இங்கிலாந்திலிருந்து பெரும் நீரிறைக்கும் பொறிகளை வருவித்து, வெள்ளம் நிறைந்த குழியை வற்றச் செய்தார். அரியாக்கேக் கடலிலே வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே நீர்மட்டம் ஐந்து மீற்றருக்கு மேல் வேறுபடும். ஆதலால் பெருங்கப்பல்கள் கரையை அணுக இயலாதிருந்தது. நீரைத் தேக்கும் கதவுகளுடன் கூடிய துறைமுகம் ஒன்றை அவர் 1908 இல் கட்டி முடித்தார். கரி ஒருநாள் தீரும், துறைமுகம் நிலைத்தால் ஊர் பிழைக்கும் என்பதே அவர் கருத்தென்பர்.

கைதிகளின் வேலை 1930 ஆம் ஆண்டளவில் நின்றது. ஆயினும் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கொரியரும் சீனரும் நேச நாடுகளின் போர்க்கைதிகளும் அதே இருளுக்குள் வலிந்து இறக்கப்பட்டனர்.

போருக்குப் பின்னர் தொழிலாளர் வலிய சங்கம் அமைத்தனர். ஆனால் நிலக்கரியின் இடத்தை மண்ணெய் முதலான கனிய எண்ணெய்கள் கைப்பற்றத் தொடங்கின. 1959 இன் இறுதியில் நிறுவனம் 1,278 பேரைப் பெயர் குறித்து வேலைநீக்கியது. அவர்களுட் பலர் சங்கத்தின் முன்னணித் தொண்டர்கள். 1960 சனவரியில் நிறுவனம் கதவடைத்தது. தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். பங்குனி மாதத்தில் சங்கம் இரண்டாகப் பிளந்தது. மறியலில் நின்ற தொழிலாளி ஒருவர் அடியாள் ஒருவனாற் குத்திக் கொல்லப்பட்டார். பல மாதப் போராட்டத்தின் பின், அவ்வாண்டு நவம்பரில் தொழிலாளர் தோல்வியை ஏற்றனர்.

அத்தோல்வியின் பின் சுரங்கத்தில் ஆட்கள் குறைந்தனர். கரித்தூசியை அகற்றும் வேலையும் தளர்ந்தது. 1963 நவம்பர் 9 ஆம் நாள், மிக்காவாக் குழியின் சரிவுப் பாதையிலே, கரியேற்றிய வண்டித்தொடர் அறுந்து கீழ்நோக்கி ஓடியது. கிளம்பிய தூசி தீப்பொறி பட்டு வெடித்தது. 458 பேர் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோரைக் கொன்றது நெருப்பன்று, காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயுவே. அவ்வாயுவால் மேலும் 839 பேர் பாதிக்கப்பட்டனர். உயிரோடு மீண்டவருட் பலர் நினைவிழந்தனர்; குணம் மாறினர்; சொந்தப் பிள்ளைகளோடும் பழக இயலாதவராயினர்.

இவர்களைக் காத்த மனைவியர் வாளாவிருக்கவில்லை. 1967 இல் அவர்கள் சுரங்கத்தினுள் இறங்கி அமர்ந்து போராடினர். அவ்வாண்டே நச்சுவாயுவால் பாதிக்கப்பட்டோருக்கான தனிச்சட்டம் நிறைவேறிற்று. நிறுவனமே விபத்துக்குப் பொறுப்பென நீதிமன்றம் தீர்ப்பளிக்க 1993 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இதற்கிடையே, 1984 இல் அரியாக்கேச் சுரங்கத்தில் மூண்ட தீ 83 உயிர்களைக் கவர்ந்தது.

1997 மார்ச்சு 30 ஆம் நாள் மீக்கே மூடப்பட்டது. 2015 இல் மியானொகராக் குழியும் மண்டாக் குழியும் துறைமுகமும் உலக மரபுரிமைச் சின்னங்களாயின. செங்கற் கட்டடங்களையும் உயர்ந்த இரும்புக் கோபுரங்களையும் காண்போர் யப்பானின் திறமையை வியக்கின்றனர். அக்கோபுரத்தின் கயிறு மேலே இழுத்தது கரியை மட்டுமன்று. அடியிலே ஒளியின்றி உழைத்த மனிதரின் வாழ்வையும் சேர்த்தே இழுத்தது. அதனையும் நினைப்பதே அச்சின்னங்களுக்கு நாம் செய்யும் முழு மரியாதையாகும்.