ரூட், சில்லு, நடுவில் ஒரு சுவர்

2017-இல் தெப்ராவ் வீட்டில், பழைய மடிக்கணினி ஒன்றில் காளி லினக்ஸை ஏற்றினேன். அப்போது பல்கலைக்கழக மாணவன். சைபர் பாதுகாப்பு படிக்கணும்னா காளி இல்லாம முடியாது என்று கூட்டாளிகள் சொல்லியிருந்தார்கள். ஒரு நள்ளிரவில் பென்டிரைவுக்கு எழுத வேண்டிய கட்டளையில் ஓர் எழுத்து மாறிவிட்டது. வெளிவட்டில் இருந்த அக்காவின் கல்யாணப் படங்கள் அத்தனையும் போயின. கணினி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. பழுதுபார்க்கும் கடை அண்ணன் வட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, வீட்டுச் சாவி எல்லாத்தையும் வாசல்லயே தொங்கவிட்டிருக்கீங்களே."

ஏன் கேட்கவில்லை? நான் 'ரூட்' பயனராக உள்ளே இருந்தேன். ரூட்டுக்குத் தடை கிடையாது. சாதாரணப் பயனராக இருந்திருந்தால் 'அனுமதி இல்லை' என்று கட்டளை நின்றிருக்கும். 2006-இல் வந்த பேக்டிராக்கின் வாரிசாக, டெபியனை அடித்தளமாகக் கொண்டு 2013 மார்ச்சில் வெளியானது காளி. அதன் கருவிகள் பலவற்றுக்கு அன்று ரூட் அனுமதி தேவைப்பட்டது. அதனால் ரூட்டே இயல்பிருப்பாக இருந்தது. 2020-இன் முதல் வெளியீட்டில்தான் அதை மாற்றினார்கள். எனக்கு மூன்று வருடம் தாமதம்.

இந்த 'அனுமதி'யின் வேர் மென்பொருளில் மட்டும் இல்லை. இன்டெலின் 386 சில்லில் நான்கு அதிகாரப் படிநிலைகள் உண்டு. லினக்ஸ் இரண்டைத்தான் எடுத்துக்கொண்டது: கெர்னலுக்கு மேல்படி, மற்ற நிரல்களுக்குக் கீழ்ப்படி. கீழே ஓடும் நிரல் வட்டைத் தொட வேண்டுமானால் கெர்னலிடம் கேட்க வேண்டும். மீறினால் சில்லே தடுத்துவிடும். 'யார் கேட்பது, ரூட்டா இல்லையா' என்று கெர்னல் பார்ப்பது இந்தச் சுவருக்குப் பிறகுதான்.

லினக்ஸே இந்தச் சில்லைப் புரிந்துகொள்ளும் ஆசையில் பிறந்ததுதான். 1991 ஜனவரியில் ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் ஒரு 386 கணினி வாங்கினார். அதில் ஓட்டியது மினிக்ஸ். பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாம் மாணவர்களுக்குப் பாடமாக 1987-இல் வெளியிட்ட இயங்குதளம் அது. அதைத் தோண்டிப் பார்த்தபடியே தனக்கென ஒன்றை எழுதினார். ஆகஸ்ட் 25 அன்று அறிவித்தபோது அவருக்கு வயது 21.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. இன்டெல் சில்லுத் தொகுதிகளுக்குள் 'மேனேஜ்மென்ட் எஞ்சின்' என்றொரு தனிக் குட்டிக் கணினி இருக்கிறது. அதன் புதிய பதிப்புகளில் ஓடுவது மினிக்ஸ்தான் என்பது 2017-இல் பரவலாகத் தெரியவந்தது. டானன்பாமே இன்டெலுக்குத் திறந்த கடிதம் எழுதினார். முன்பே சொல்லியிருக்கலாமே என்பது அவருடைய சின்ன வருத்தம். மினிக்ஸின் மூலநிரல் எல்லாரும் படிக்கலாம். இன்டெல் உள்ளே வைத்த வடிவத்தை நாம் படிக்க முடியாது. நாம் ரூட்டாகவே இருந்தாலும் அதற்குக் கீழே இன்னொருவர் இருக்கிறார்.

அப்படியானால் சில்லையும் திறக்க முடியுமா? அதற்கான ஒரு முயற்சி சென்னையில் நடந்தது. ஐஐடி மெட்ராஸில் வீ. காமகோடி குழு 'சக்தி' என்ற செயலியை உருவாக்கியது. 2010-இல் பெர்க்லியில் தொடங்கிய ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த கட்டளைத் தொகுதிதான் அதற்கு அடிப்படை. 2018-இல் மொகாலியின் செமிகண்டக்டர் லேபரட்டரியில் 180 நானோமீட்டர் அளவில் ஒரு சக்தி சில்லு தயாரானது. வேகத்தில் நம் மடிக்கணினிச் சில்லுகளோடு போட்டி போடாது. ஆனால் வடிவமைப்பின் நிரலை யார் வேண்டுமானாலும் இறக்கிப் படிக்கலாம். தொழிற்சாலையில் அச்சானது அதே வடிவம்தானா என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. இருந்தாலும் கேள்வியாவது நம் கையில் வந்துவிட்டது.

இன்று ஜொகூரில் தரவு மையங்கள் வரிசையாக எழும்புகின்றன. வேலைக்காக சைபர் பாதுகாப்பு படிக்கும் தம்பி தங்கைகள் என்னிடம் கேட்பது, "எந்தக் கருவி அண்ணே முதல்ல?" என்றுதான். கருவி அப்புறம். முதலில் ஒரு மெய்நிகர் கணினியில் டெபியனைச் சாதாரணப் பயனராக ஏற்றுங்கள். எது மறுக்கப்படுகிறது, மறுப்பது யார் என்று பாருங்கள். அந்த மறுப்பைப் புரிந்துகொள்வதே முதல் பாடம்.

அப்புறம், படங்களுக்கு இரண்டு பிரதி வையுங்கள். தீபாவளிக்கு அக்கா வரும்போதெல்லாம் நான் இன்னும் திட்டு வாங்குகிறேன்.