ட்ரம்ஸ் வராத நாளிலும்

நான் வயோலா வாசிக்கிறவன். இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செலோ என்று நால்வராக உட்கார்ந்து கல்யாண ரிசப்ஷன்களில் பாப் பாட்டு வாசிப்பது எங்கள் குழுவின் பிழைப்பு. எங்களுக்கு வரும் நோட்ஸின் முதல் பக்கத்தில், ட்ரம்ஸ், பேஸ் கிட்டார், பியானோ கிடைத்தால் சேர்த்துக்கொள்ளலாம், கட்டாயமில்லை என்று பெரும்பாலும் போட்டிருக்கும். இந்தச் சலுகை லேசில் வந்துவிடவில்லை. பாப் பாட்டுக்கு உயிரே ரிதம்தான். அதை நான்கு வில்வாத்தியங்கள் தாங்கப் பழகிய கதை இது.

1965 ஜூன் 14, லண்டன் அபே ரோட்டில் இருந்த ஈ.எம்.ஐ. ஸ்டுடியோ. பால் மெக்கார்ட்னி கிட்டாரை மட்டும் வைத்துக்கொண்டு ‘யெஸ்டர்டே’ பாடினார். பீட்டில்ஸின் மற்ற மூவரும் அதில் வாசிக்கவில்லை. தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் கில்ட்ஹால் இசைப் பள்ளியில் படித்தவர், ஓபோ வாசித்தவர். ஸ்ட்ரிங் குவார்ட்டெட் சேர்க்கலாம் என்றார். மெக்கார்ட்னிக்கு மனசு ஒப்பவில்லை. மான்டொவானி ஆர்கெஸ்ட்ரா போலக் குழைந்துவிடும் என்று பயந்தார். விரல் அசைவு, அதாவது வைப்ரேட்டோ, கூடாது என்று சொல்லித்தான் சம்மதித்தார். மூன்று நாள் கழித்து, 17ஆம் தேதி, நால்வரும் வந்து வாசித்தார்கள். நடுப்பகுதி இரண்டாம் முறை வரும்போது செலோ ப்ளூஸ் வாடையோடு ஒரு சுரத்தைத் தொட்டுவிட்டுப் போகும். முறையாகப் படித்தவர் எழுதத் தயங்கும் சுரம் அது. மெக்கார்ட்னி கேட்டுச் சேர்த்தது. எத்தனை முறை கேட்டாலும் அந்த இடத்தில் எனக்குச் சிலிர்க்கும்.

ஆனாலும் அந்தப் பாட்டில் நடையைக் கொடுப்பது கிட்டார்தான். நால்வரும் அதன் மேல் படர்கிறார்கள், அவ்வளவே. உண்மையான திருப்பம் 1966 ஏப்ரல் 28 அன்று, ‘எலினார் ரிக்பி’யில் வந்தது. நான்கு வயலின், இரண்டு வயோலா, இரண்டு செலோ. அதாவது குவார்ட்டெட்டே இரட்டிப்பாக. கிட்டாரும் இல்லை, ட்ரம்ஸும் இல்லை. பெர்னார்ட் ஹெர்மனின் சினிமா இசையைக் கேட்டுத்தான் அப்படி எழுதியதாக மார்ட்டின் பின்னாளில் சொன்னார். ஒவ்வொரு அடிக்கும் வில்லை வெட்டி இழுக்கிறார்கள். ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமரிக் மைக்குகளைத் தந்தியருகே கொண்டுபோய் வைத்தார். வாசித்தவர்களுக்கு அது பிடிக்கவே இல்லை. நாற்காலியை மெல்லப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டார்களாம். அவ்வளவு கிட்டத்தில் வைத்ததால்தான் தந்தியில் வில் உரசும் சத்தமே தாளமாகக் கேட்கிறது.

ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவில், பில் மன்றோவின் ப்ளூகிராஸ் குழுவில் ரிச்சர்ட் கிரீன் வயலின் வாசித்துக்கொண்டிருந்தார். பழைய ப்ளூகிராஸில் ட்ரம்ஸ் கிடையாது. அவர் கண்டுபிடித்த வித்தைக்குச் ‘சாப்’ என்று பெயர். கைப்பிடிப் பக்கத்து வில்முடியைத் தந்தியின் மேல் நேர்செங்குத்தாகப் போட்டு அங்கேயே நிறுத்திவிட வேண்டும். சுரம் வராது; ‘சக்’ என்று ஒரு கரகரப்பு மட்டும் வரும். பிறகு வில்லைத் தூக்கும்போது இன்னொரு சின்னச் சத்தம். இரண்டாவது, நான்காவது அடியில் இதைப் போட்டால் ஸ்நேர் ட்ரம் அடித்தது போலவே இருக்கும். இதை டாரல் ஆங்கர் கற்றுக்கொண்டு, 1985இல் டேவிட் பாலகிருஷ்ணனோடும் செலோக்காரர் மார்க் சம்மரோடும் தொடங்கிய டர்ட்டில் ஐலண்ட் குவார்ட்டெட்டுக்குக் கொண்டுவந்தார். என் கணக்கில் ரிதம் செக்ஷன் குவார்ட்டெட்டுக்கு உள்ளேயே குடிவந்தது அப்போதுதான். இன்று நாங்கள் வாசிக்கும் பாப் நோட்ஸில் சாப் வராத பக்கம் குறைவு. பெரும்பாலும் அது வயோலாவின் தலையில்தான் விழும்; எனக்கு அதில் பெருமைதான்.

மற்றபடி பேர் வாங்கிய முயற்சிகள் நிறைய. ஜிமி ஹென்ட்ரிக்ஸின் ‘பர்ப்பிள் ஹேஸ்’ பாட்டைக் க்ரோனோஸ் குவார்ட்டெட் 1986 ஆல்பத்தில் வாசித்தது. மெஷின் தாளத்தில் ஓடும் க்ராஃப்ட்வெர்க் பாட்டுகளைப் பாலனெஸ்கு குவார்ட்டெட் 1992இல் வெறும் வில்லாலேயே ஓட்டிக்காட்டியது. 2020இல் ‘பிரிட்ஜர்டன்’ தொடர் வந்தபின், வைட்டமின் ஸ்ட்ரிங் குவார்ட்டெட் வாசித்த அரியானா கிராண்டே பாட்டைக் கல்யாண வீட்டார் கேட்டு வாங்க ஆரம்பித்தார்கள்.

தாளம் வெளியிலிருந்து வந்து சேரும்போது எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நான் காட்டும் உதாரணம் 2005இல் வந்த க்ரோனோஸ் ஆல்பம். ஆர்.டி. பர்மன் பாட்டுகள், ஆஷா போஸ்லே பாட, ஜாகிர் உசேன் தபலா. தபலா வந்துவிட்டதே என்று வில்கள் அதில் ஓய்வெடுக்கவில்லை.

நம் ஊரில் நோட்ஸ் எழுதும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். பேஸ் கிட்டாரின் அடிச்சுரம் செலோவின் அடிச்சுரத்தைவிடத் தாழ்ந்தது. பேஸ் பார்ட்டை அப்படியே செலோவுக்கு மாற்றிப் போட்டால் எட்டாது. இரண்டாம் சரணத்தில் மெட்டு அதேதான், மாறுவது சொல்தான். வாத்தியத்துக்குச் சொல் இல்லை, அதனால் அங்கே மெட்டை வயோலாவிடம் கொடுத்து நிறத்தை மாற்றுங்கள். முதலில் நால்வருக்கு மட்டும் முழுசாக எழுதி, வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். ட்ரம்ஸுக்கான தாளை அதற்குப் பிறகு எழுதுங்கள்.