தீக்ஷா: பெயரும் பொருளும்

2017 செப்டம்பரில் மத்திய அரசு தொடங்கிய கல்வித் தளத்தின் பெயர் ‘தீக்ஷா’. அறிவுப் பகிர்வுக்கான டிஜிட்டல் கட்டமைப்பு என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கம் அது. சுருக்கத்துக்கு எதற்கு வேர் தேட வேண்டும் என்று கேட்கலாம். ‘ஷேரிங்’ என்ற ஒரு சொல்லிலிருந்து மட்டும் மூன்று எழுத்துகளை எடுத்திருக்கிறார்கள். ‘தீக்ஷா’ என்ற வடமொழிச் சொல்லை மனத்தில் வைத்தே எழுத்துகளைக் கோத்தார்கள் என்பதற்கு அதுவே சான்று.

அச்சொல்லே தமிழில் தீட்சை, தீக்கை. சைவ சித்தாந்தத்தில் குரு மாணவனின் பக்குவம் அறிந்து அளிப்பது அது. தமிழ்நாட்டுப் பாடநூலின் கியூஆர் குறியீட்டைச் செல்பேசியிலுள்ள தீக்ஷா செயலியால் ஸ்கேன் செய்தாலோ, பக்குவம் பார்க்காமல் காணொளி திறக்கிறது. அப்படியானால் பெயர் பொருந்தவில்லையே? ஆனால் வேள்வி செய்பவர் அதற்குமுன் ஏற்கும் நோன்பும் தீட்சைதான். முதலில் ஆசிரியர்களுக்கென்றே வந்த தளத்துக்கு, வகுப்பறைக்கு முந்தைய ஆயத்தம் என்ற அந்தப் பழம்பொருள் மிகச் சரியாகவே பொருந்துகிறது.