பேராதனைக்கு வந்த ஜீப்

இரண்டாம் உலக யுத்தத்தின் நடுவே, 1944ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், நேசநாடுகளின் தென்கிழக்காசியப் படைத்தலைமைப்பீடம் டில்லியை விட்டுக் கண்டிக்குப் பெயர்ந்தது. மௌண்ட்பேட்டன் பிரபு அதன் தலைவர். மகாவலி கங்கை மூன்று புறமும் வளைந்தோடும் பேராதனைத் தாவரவியற் பூந்தோட்டத்தில், மரநிழலுக்கிடையே கொட்டகைகள் எழுந்தன. அதுவரை பெரஹரா யானைகளையும் தோட்டத்துத் தேயிலை வண்டிகளையும் கண்டு பழகிய வீதிகளில், கூரையும் கதவும் இல்லாத பச்சைநிறச் சிறு வண்டியொன்று ஓடித்திரிந்தது. அதுவே ஜீப்.

அவ்வண்டி பிறந்த கதை அமெரிக்காவைச் சேர்ந்தது. 1940ஆம் ஆண்டில் அந்நாட்டு இராணுவம், நான்கு சக்கரங்களும் இயந்திர வலுவால் இழுக்கும் இலேசான வண்டியொன்றை 49 நாட்களுள் செய்து தருமாறு 135 கம்பனிகளை அழைத்தது. குறித்த தவணையில் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியது பான்டம் என்னும் சிறிய கம்பனி மட்டுமே. ஆயினும் பெருந்தொகையான உற்பத்தி வில்லிஸ், போர்ட் ஆகிய இரண்டுக்குமே போயிற்று. உழுதவன் ஒருவன், அறுவடை செய்தவன் வேறொருவன். யுத்தம் முடிவதற்குள் அவ்விரண்டும் ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து முடித்தன.

ஏறக்குறைய 2,450 இறாத்தல் நிறையும் 60 குதிரைவலுவும் உடைய அவ்வண்டியின் சிறப்பு அதன் நெம்புகோல்களில் இருந்தது. சாரதியின் பக்கத்தில் மூன்று நெம்புகோல்கள் நின்றன. ஒன்று வழக்கமான கியருக்கு. இரண்டாவது முன் அச்சை இயந்திரத்தோடு இணைப்பதற்கு. மூன்றாவது வேகத்தைப் பாதியளவுக்குக் குறைத்து இழுவையை ஏறத்தாழ இரட்டிப்பதற்கு. நல்ல தார்வீதியில் பின்சக்கரங்கள் போதும். மழையில் ஊறிய மலைப்பாதையில் பின்சக்கரங்கள் சேற்றில் சுழலும்போது, முன்சக்கரங்கள் வண்டியை இழுத்தெடுத்துவிடும். கண்டிச் சீமையின் செங்குத்தான மண்பாதைகளை அறிந்தவர்களுக்கு இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை.

1945ஆம் ஆண்டில் யுத்தம் முடிந்தது. தலைமைப்பீடமும் அவ்வாண்டின் இறுதிக்குள் சிங்கப்பூருக்குப் போயிற்று. படைகள் போகலாம், அவை விட்டுச்செல்லும் பொருள்கள் போவதில்லை. இப்படைகளின் பொருட்டு இலங்கையில் நிறுவப்பட்ட வானொலி நிலையமும், ஏக்கலவில் இருந்த அதன் வலுமிக்க ஒலிபரப்புக் கருவியும் பின்னர் இலங்கை வானொலிக்கே உரியவையாயின. போர்வீரனுக்கு இசை வழங்கிய கருவி குடியானவனின் வீட்டுக்குச் செய்தி சொல்லலாயிற்று. ஜீப்பும் அவ்வாறே உடையை மாற்றிக்கொண்டது.

இம்மாற்றம் இலங்கையில் மட்டும் நிகழ்ந்ததன்று. பிரித்தானியாவில் ரோவர் கம்பனியைச் சேர்ந்த மொரிஸ் வில்க்ஸ் என்பவர், வேல்ஸ் நாட்டில் தம் பண்ணைக்குப் பழைய இராணுவ ஜீப் ஒன்றைப் பயன்படுத்தி வந்தார். அது தேய்ந்துபோனால் அதற்கு ஈடாக வேறெதை வாங்குவது என்ற கேள்வியிலிருந்தே லாண்ட் ரோவர் உருவாயிற்று. உருக்குக்குத் தட்டுப்பாடு நிலவிய காலமாதலால் அதன் உடலை அலுமினியக் கலவையால் செய்தார்கள். 1948ஆம் ஆண்டில் வெளிவந்த அவ்வண்டி, பின்பு நமது தேயிலைத் தோட்டங்களில் துரைமாரின் வண்டியாயிற்று. இந்தியாவிலோ மகிந்திரா கம்பனி வில்லிஸ் வண்டிகளைப் பொருத்தத் தொடங்கி, அவ்வினத்தைப் பல்லாண்டுகள் வாழவைத்தது.

1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இறக்குமதிக்குக் கடுங்கட்டுப்பாடு வந்தது. 1977ஆம் ஆண்டுவரை அது பெரிதும் நீடித்தது. புதிய வண்டி கிடையாது. புதிய உதிரிப்பாகம் கிடைத்தால் அதிர்ஷ்டம். அக்காலத்திற்றான் கராஜ்களில் உழைத்த பாஸ்மார் தம் திறமையைக் காட்டினார்கள். உடைந்ததை ஒட்டினார்கள், இல்லாததைக் கடைசல் பிடித்துச் செய்தார்கள், கொழும்புப் பஞ்சிகாவத்தையில் தேடி ஒன்றை மற்றொன்றுக்குப் பொருத்தினார்கள். இடப்பக்கத்துச் சுக்கானை வலப்பக்கத்துக்கு மாற்றிய வண்டிகள் உண்டு. பெற்றோல் இயந்திரத்தைக் கழற்றிவிட்டு ஜப்பானிய டீசல் இயந்திரத்தை ஏற்றியவையும் உண்டு.

இப்போது அத்தகைய வண்டியை வீட்டு முற்றத்தில் நிறுத்திப் பழைய கோலத்துக்கு மீட்க முனைபவர், முதலில் ஒரு சரித்திர ஆராய்ச்சியாளர் ஆகவேண்டும். வண்டி வில்லிஸா போர்ட்டா என்று முன்புறத்தைக் குனிந்து பார்த்தே சொல்லிவிடலாம். வில்லிஸின் சட்டத்தில் முன் குறுக்குச்சட்டம் உருளைக் குழாய். போர்ட்டில் அது தகட்டை மடித்துச் செய்தது. போர்ட் கம்பனி சிறு போல்ற்றுகளின் தலையிலும் தன் எழுத்தைப் பொறித்தது. ஒரே வண்டியில் இருவகையும் கலந்திருந்தால், அது பல வண்டிகளின் உறுப்புகளால் உயிர்பிழைத்தது என்பது தெளிவு. அடுத்து வருவது துருவின் கதை. ஜீப்பின் தளத்துக்கு அடியிலே தகட்டு மடிப்புகளுக்குள் மரக்கட்டைகள் செருகப்பட்டிருந்தன. கட்டை ஈரத்தை உறிஞ்சும், தகடு உள்ளிருந்தே அரிபடும். வெளியே சாயம் பளபளக்க உள்ளே தளம் உளுத்துப்போயிருப்பது கண்டியின் மழையில் புதுமையன்று. எனவே சாயம் பூசுவதற்கு முன் தளத்தைத் தட்டிப் பார்ப்பவரே விவேகி. இயந்திரத்தைப் பற்றிய ஐயங்களுக்கு, 1944ஆம் ஆண்டில் அமெரிக்க இராணுவம் வெளியிட்ட பராமரிப்புக் கைந்நூல் இன்றும் துணை செய்கிறது.

ஆனால், எந்தக் காலத்துக்கு வண்டியை மீட்பது? இதுவே கடினமான வினா. 1944ஆம் ஆண்டுக் கோலமே உண்மை எனக் கருதுவோர், பிற்காலத்தவை யாவற்றையும் அகற்றி, பச்சைச் சாயமும் வெண்ணட்சத்திரமும் தீட்டுகிறார்கள். பார்வைக்கு அழகுதான். எனினும் யுத்தத்தில் ஜீப் உழைத்தது சில ஆண்டுகளே. இந்த மலைநாட்டில் உழைத்ததோ பல பத்தாண்டுகள். கண்டியில் எவரோ ஒரு பாஸ் அடித்துத் திருத்திய தகட்டை எறிந்துவிட்டு வெளிநாட்டுப் புதுத்தகட்டைப் பொருத்தும்போது, அந்த நீண்ட உழைப்பின் சான்றும் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடுகிறது. அவருடைய பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. அவர் எழுதிய ஏடு அத்தகடுதான். துருவேறிய தளத்தை மாற்றத்தான் வேண்டும். ஆபத்தான தடையை வைத்திருக்க முடியாது. ஆனால் கேடில்லாத பழைய ஒட்டுவேலையை விட்டுவைப்பதிலோ, கழற்றியதைப் படம்பிடித்துக் குறிப்பெழுதி வீட்டில் பேணுவதிலோ செலவு அதிகமில்லை. சுக்கானை மீண்டும் இடப்பக்கத்துக்குக் கொண்டுபோக விரும்புவோர், வலப்பக்கத்தில் அதைப் பொருத்திய கைவேலையை ஒருமுறையேனும் அளந்து வரைந்துகொண்ட பின்னரே ஸ்பானரை எடுப்பது நன்று.